மலைப் புகையிரதங்களின் நினைவுச்சீட்டுகள்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று மூலங்கள் எனும்போது கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அரச ஆவணம் என்பனவே எமது நினைவுக்கு முதலில் வருகின்றன. இவை யாவும் நிலைபெற வேண்டும் என்னும் நோக்குடன் ஆக்கப்பட்டவை. ஆனால், நிலைபெறுதலை நோக்காகக் கொள்ளாது, ஒருநாட் பயன்பாட்டுக்கென ஆக்கப்பட்டு, பயன் முடிந்ததும் அழிக்கப்பட வேண்டியனவாயிருந்த சில பொருள்களும் தற்செயலாக எஞ்சி நிற்கின்றன. அத்தகைய பொருள்களுள் ஒன்று புகையிரதப் பிரயாணச்சீட்டாகும். ஏறத்தாழ 57 மில்லிமீற்றர் நீளமும் 31 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட இச்சிறு அட்டைத்துண்டு, உலகின் பல நாடுகளில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரே வடிவில் வழங்கி வந்துள்ளது. இவற்றுள்ளும் மலைப் புகையிரதங்களின் சீட்டுகளே பிரயாணிகளால் மிகுதியாக நினைவுப் பொருளாகப் பேணப்பட்டவை எனலாம். இவை எவ்வாறு தோன்றின, எவ்வாறு நினைவுச்சின்னமாயின, எவற்றைக் கூறுகின்றன, எவற்றைக் கூறாது விடுகின்றன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அட்டைச் சீட்டின் தோற்றம்

இங்கிலாந்தில் புகையிரதப் போக்குவரத்துத் தொடங்கிய காலத்தில், குதிரை வண்டிப் பிரயாணத்துக்கு வழங்கிய முறையே புகையிரதத்துக்கும் கைக்கொள்ளப்பட்டது. எழுதுவினைஞர் ஒவ்வொரு பிரயாணிக்கும் தாளில் விபரங்களைக் கையால் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். வண்டியொன்றிற் பத்துப்பேர் ஏறிய காலத்துக்குப் பொருந்திய இம்முறை, நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே ஏறிய புகையிரதத்துக்குப் பொருந்தவில்லை. காலதாமதம் ஒரு குறை. கணக்கிற் பெற்ற பணம் முழுவதும் கம்பனியைச் சேர்ந்ததா என்பதை அறிய வழியின்மை மற்றொரு குறை.

இக்குறைகளுக்குத் தீர்வு கண்டவர் தோமஸ் எட்மன்சன் (1792-1851) என்பவராவர். மரத்தளபாடத் தொழிலாளராயிருந்து, சொந்த வியாபாரத்தில் முறிவுற்றபின், நியூகாசில்-கார்லைல் புகையிரதப் பாதையின் மில்ற்றன் என்னும் சிறு நிலையத்திற் பணியேற்றவர் இவர். 1836-37 அளவில், முன்கூட்டியே அச்சிட்டு வரிசை எண்ணிட்ட அட்டைத்துண்டுகளை அவர் பயன்படுத்தத் தொடங்கினார். 1839இல் மான்செஸ்ரர்-லீட்ஸ் புகையிரதக் கம்பனி அவரைத் தன்பாற் சேர்த்துக்கொண்டது. தம் முறையைப் பயன்படுத்திய கம்பனிகளிடமிருந்து பாதையின் மைல் ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்துச் சிலிங் வீதம் அவர் கட்டணம் பெற்றார். மிக விரைவில் இம்முறை பிரித்தானியா முழுவதும், பின்னர் அதன் குடியேற்ற நாடுகளிலும் ஐரோப்பாவிலும் பரவியது.

இம்முறையின் சிறப்பு அட்டையில் அன்று, எண்ணிலேயே தங்கியிருந்தது. ஒவ்வொரு தொகுதியும் 0000 என்னும் எண்ணில் தொடங்கி 9999இல் முடிவுற்றது. காலையில் அடுக்கின் அடியிலிருந்த எண்ணை மாலையில் இருந்த எண்ணிலிருந்து கழித்தால், அன்று விற்ற சீட்டுகளின் தொகை கிடைத்துவிடும். அதனைக் கட்டணத்தாற் பெருக்கினால் பெட்டியில் இருக்கவேண்டிய பணம் தெரிந்துவிடும். சிறுவர்க்குத் தனிச்சீட்டு இல்லாதவிடத்து, பெரியோர் சீட்டின் ஒரு மூலையை வெட்டிக் கொடுத்து, வெட்டிய துண்டைக் கணக்குக்காக எழுதுவினைஞர் வைத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. வகுப்பு வேறுபாட்டைக் கண்ட மாத்திரத்தே அறியும்பொருட்டு நிறங்கள் பயன்பட்டன. ஆகவே, அட்டைச் சீட்டு பிரயாணிக்கு வழங்கப்பட்ட உரிமைப் பத்திரம் என்பதிலும் பார்க்க, ஊழியர்மீது கம்பனி கொண்ட ஐயத்தின் வெளிப்பாடு என்பதே பொருத்தமாகும். கைத்தொழிற் புரட்சி உருவாக்கிய பெருநிறுவனத்தின் கணக்கியற் கருவி அது.

மலையேறிய புகையிரதம்

சமவெளிக்கு உரியதாயிருந்த புகையிரதம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலையேறத் தொடங்கியது. மலைப் புகையிரதங்களை, அவை எழுந்த காரணம் பற்றி இருவகையாகப் பிரித்து நோக்கலாம்.

முதலாவது வகை, உல்லாசப் பிரயாணிகளுக்கெனவே அமைந்தவை. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் சில்வெஸ்ரர் மார்ஷ் என்பவரின் முயற்சியால் அமைந்த வாஷிங்ரன் மலைப் பாதை 1869ஆம் ஆண்டு யூலை மாதத்தில் 1917 மீற்றர் உயரமான உச்சியை அடைந்தது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே பற்கள் கொண்ட மூன்றாவது சட்டமொன்றைப் பதித்து, இயந்திரத்தின் பற்சில்லு அதனைப் பற்றி ஏறும் முறை இங்கு கைக்கொள்ளப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின், 1871 மே மாதத்தில், நிக்லவுஸ் றிகன்பாக் அமைத்த றிகி மலைப் பாதை சுவிற்சர்லாந்தில் திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் முதலாவது பற்சட்டப் பாதை அதுவே. 1889இல் பிலாற்றஸ் மலைப் பாதையும், 1896இல் வேல்சின் ஸ்னோடன் மலைப் பாதையும், 1912இல் 3454 மீற்றர் உயரத்தில் அமைந்த யுங்பிராவ் நிலையமும் இவ்வரிசையில் எழுந்தன. 1863இல் தோமஸ் குக் சுவிற்சர்லாந்துக்கு முதலாவது வழிகாட்டுச் சுற்றுலாவை நடத்தியமையை இவற்றோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். ஓய்வும் ஊதியமும் பெற்ற நடுத்தர வர்க்கமொன்று உருவாகியதன் விளைவே இப்பாதைகள்.

இரண்டாவது வகை, குடியேற்ற ஆட்சியின் தேவைகளால் எழுந்தவை. சிலிகுரியிலிருந்து டார்ஜிலிங்குக்குச் செல்லும் இரண்டடி அகலப் பாதை 1879-1881 காலப்பகுதியில் அமைக்கப்பட்டது. பற்சட்டம் இன்றியே, வளையங்களாலும் முன்பின் நகரும் ஏற்றங்களாலும் அது கூம் நிலையத்தின் 2258 மீற்றர் உயரத்தை எட்டியது. நீலகிரிப் பாதை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இலும், உதகமண்டலம்வரை 1908இலும் திறக்கப்பட்டது. 46 கிலோமீற்றர் நீளமான இப்பாதையில் 208 வளைவுகளும் 16 சுரங்கங்களும் 250 பாலங்களும் உள்ளன. வெப்பத்தைத் தாங்கவியலாத ஆங்கில அதிகாரிகளின் கோடைவாசமும், தேயிலைத் தோட்டங்களின் ஏற்றுமதியும் இவ்விரு பாதைகளுக்கும் அடிப்படையாயின.

இலங்கையின் மலைநாட்டுப் பாதையும் இவ்வகையினதே. கோப்பித் தோட்டத் துரைமாரின் நீண்டகாலக் கோரிக்கையின் பேறாக 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை என அது படிப்படியாக நீண்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செய்கையை அழித்தபோதும், அதனிடத்தைப் பெற்ற தேயிலை பாதையின் தேவையை மேலும் பெருக்கியது. ஐந்தடி ஆறங்குல அகலம் கொண்ட பெரும்பாதை பட்டிப்பொலவில் 1898 மீற்றர் உயரத்தைத் தொடுவது இலங்கைப் பொறியியல் வரலாற்றிற் குறிப்பிடத்தக்கதொரு சாதனையாகும்.

நினைவுச்சின்னமான சீட்டு

சமவெளிப் பிரயாணிக்குப் புகையிரதம் ஓர் ஊரைச் சேர்வதற்கான வழி மட்டுமே. ஊர் வந்ததும் சீட்டின் தேவை தீர்ந்தது. உல்லாச மலைப் பாதையின் பிரயாணியோ எவ்வூருக்கும் செல்லவில்லை. அவர் ஏறியது உச்சியைக் காண்பதற்கு. கண்டதும் வந்த வழியே மீண்டார். இங்கு பிரயாணமே பண்டமாயிற்று. சீட்டில் ஊர்ப்பெயருக்குப் பதிலாக 'உச்சி' என்னும் சொல் அச்சாயிற்று. மலையில் ஏறியமைக்குச் சான்றாக வீட்டுக்குக் கொண்டுசெல்லத்தக்கது எது? கல்லையோ மலரையோ கொண்டுசெல்லலாம். ஆனால் மலையின் பெயரும் ஏறிய திகதியும் பதிந்த அட்டைக்கு ஈடான சான்று வேறில்லை. கம்பனியின் கணக்குக்காகப் பதிக்கப்பட்ட திகதியே தனிமனிதரின் நாட்குறிப்பாக மாறிய விந்தையை இங்கு காண்கின்றோம்.

நிறுவனங்களும் இதனை விரைவில் உணர்ந்துகொண்டன. பிரயாணமின்றியே விற்கத்தக்க பண்டமாகச் சீட்டு வளர்ந்ததற்கு வேல்சிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. ஆங்கில்சித் தீவிலுள்ள ஒரு கிராமத்தின் பெயர், பிரயாணிகளைக் கவரும்பொருட்டு 1860களில் 58 எழுத்துகள் கொண்டதாக நீட்டப்பட்டது. அந்நிலையத்தின் நீண்ட மேடைச்சீட்டை, புகையிரதத்தில் ஏறாதவர்களும் வாங்கிச் சென்றனர். பிரித்தானியப் புகையிரதச் சேவை 1990இல் எட்மன்சன் சீட்டுகளைக் கைவிட்டபோதும், தொண்டர்களாற் பேணப்படும் பழைய பாதைகள் சில அவற்றை விடாது வழங்கின. கணக்குக்கு இப்பொழுது அவை தேவையில்லை. பழைமையின் சுவைக்கே தேவைப்படுகின்றன. டார்ஜிலிங் பாதை 1999இலும் நீலகிரிப் பாதை 2005இலும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. தேவைக்காக எழுந்த பாதைகளும் இவ்வாறு காட்சிக்குரியனவாயின. இந்நூற்றாண்டில் எமது எல்ல, தெமோதரைப் பகுதிகளின் பாலங்களைக் காணவெனப் புகையிரதமேறிய வெளிநாட்டவர், இருக்கையிலும் பார்க்க வாயிற்படியையே விரும்பி நின்றமையை நாம் கண்டிருக்கின்றோம்.

சீட்டு கூறாதவை

நினைவுச்சீட்டை மூலாதாரமாகக் கொள்வோர் ஓர் உண்மையை மனங்கொள்ளுதல் வேண்டும். விதிப்படி, பிரயாண முடிவிற் சீட்டு ஒப்படைக்கப்பட வேண்டியது. ஒழுங்காகப் பயன்படுத்தப்பட்ட சீட்டுகள் ஒழுங்காகவே அழிக்கப்பட்டன. எஞ்சியவை யாவை? விற்கப்படாதவை, திரும்பிச் செல்லாதோரின் மறுபாதிகள், அனுமதி பெற்று வைத்துக்கொள்ளப்பட்டவை, சேகரிப்போருக்கென விற்கப்பட்டவை ஆகியனவே. சேகரிப்போர் 0000 எண்ணிட்ட சீட்டைப் பெரிதும் விரும்புவர். அது பெரும்பாலும் எவரும் பிரயாணம் செய்யாத சீட்டு என்பது சிந்திக்கத்தக்கது. அன்றாடம் மூன்றாம் வகுப்பிற் சென்றோரின் சீட்டுகள் அருகியும், ஒருமுறை உல்லாசமாய்ச் சென்றோரின் சீட்டுகள் பெருகியும் இருப்பதற்குக் காரணம் இதுவே. எனவே, எஞ்சிய சீட்டுகளின் தொகையைக் கொண்டு பிரயாணிகளின் தொகையைக் கணித்தல் தவறாக முடியும்.

இன்னும், சீட்டு அச்சான கணத்தில் அறியப்பட்டவற்றையே அது கூறும். ஸ்னோடன் பாதை திறக்கப்பட்ட 1896 ஏப்பிரல் 6ஆம் நாளன்றே முதலாவது இயந்திரம் பற்சட்டத்தினின்று விலகி மலைச்சரிவில் வீழ்ந்தது. அச்சமுற்று வண்டியிலிருந்து பாய்ந்த பிரயாணி ஒருவர் உயிரிழந்தார். பாதை மறு ஆண்டுவரை மூடப்பட்டது. அந்நாளின் சீட்டு ஒன்று எவரிடமேனும் இருப்பின், அது கட்டணத்தையும் வகுப்பையும் மட்டுமே எமக்குத் தெரிவிக்கும்.

எல்லாவற்றினும் முக்கியமான மௌனம் ஒன்றுண்டு. சீட்டு, பணம் கொடுத்து ஏறியவரையே அறியும். பாதையை வெட்டியவரை அறியாது.

தகரச்சீட்டும் துண்டும்

இம்மௌனத்தை ஓரளவேனும் நீக்கவல்ல வேறிரு 'சீட்டுகள்' இலங்கை மலைநாட்டு வரலாற்றில் உள்ளன. அட்டைச் சீட்டோடு அவற்றை ஒப்பிடுதல் பயன்தரும்.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தே வந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் இறந்தோர் பலர். பின்னர் கப்பலும் புகையிரதமும் அவர்களை ஏற்றிவந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச்சீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறிக்கப்பட்ட சிறு தகரத்துண்டு ஒவ்வொரு தொழிலாளிக்கும் இந்தியக் கரையிலேயே வழங்கப்பட்டது. அதைக் காட்டி அவர் தோட்டம்வரை பணமின்றிப் பிரயாணம் செய்யலாம். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, ஈற்றில் தொழிலாளியின் கடனாயிற்று. 1914இல் தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பற் சேவை தொடங்கியதும் இப்பிரயாணம் இலகுவாயிற்று, கடன் இலகுவாகவில்லை.

அட்டைச் சீட்டிலும் எண் உண்டு. தகரச்சீட்டிலும் எண் உண்டு. ஆனால் முன்னையதன் எண் சீட்டுக்கு உரியது. பின்னையதன் எண் மனிதருக்கு உரியது. அட்டைச் சீட்டில் பிரயாணி தாம் செல்லுமிடத்தைத் தெரிந்துகொண்டார். தகரச்சீட்டில் செல்லுமிடம் அவரைத் தெரிந்துகொண்டது. ஒரே புகையிரதத்தின் முதலாம் வகுப்பில் துரையும் மூன்றாம் வகுப்பிற் தொழிலாளியும் இவ்விரு சீட்டுகளுடனும் ஒரே மலையில் ஏறினர் என்பதே மலைநாட்டின் சமூக வரலாற்றுச் சுருக்கம் எனலாம்.

மற்றையது 'துண்டு' எனப்பட்டது. ஆங்கில அரச அறிக்கைகளும் இத்தமிழ்ச் சொல்லையே எடுத்தாண்டன. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றுக்குச் செல்ல வேண்டின், கடன் தீர்க்கப்பட்டால் விடுவிக்கப்படுவார் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் தாளே துண்டு. புகையிரத நிலையத்தில் எவரும் பணம் கொடுத்துச் சீட்டுப் பெறலாம். ஆனால் துண்டின்றி அத்தொழிலாளிக்குச் செல்லுமிடம் இல்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது.

ஒருவழிச் சீட்டு

மலைப் புகையிரதங்களின் நினைவுச்சீட்டுகளுட் பெரும்பாலானவை இருவழிச் சீட்டுகளாகும். ஏறியவர் இறங்குவர் என்பது அவற்றின் எடுகோள். எமது மலைநாட்டில் ஒருவழிச் சீட்டின் காலமும் ஒன்றிருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள் பற்றி 1964 ஒக்ரோபர் 30ஆம் நாள் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் செய்யப்பட்டது. 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டுத் தீர்க்கப்பட்டது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்களுக்குள், 1964 டிசெம்பரில், தனுஷ்கோடி புயலில் அழிந்தது. பின்வந்த கப்பல்கள் இராமேஸ்வரத்தை அடைந்தன.

மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார் நோக்கி அம்மக்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். அதிற் சென்றோரின் ஒரு பகுதியினரைக் குடியமர்த்தும்பொருட்டு 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது. 1976இல் அது கூட்டுத்தாபனமாக்கப்பட்டது. ஒரு மலைப் புகையிரதத்தின் நாட்டிலிருந்து இறங்கியோர், இன்னொரு மலைப் புகையிரதத்தின் நாட்டில் மீண்டும் கொழுந்து கிள்ளினர். நீலகிரிப் பாதையின் சீட்டை உவந்து சேகரிப்போர் இவ்வரலாற்றையும் அறிந்திருத்தல் நன்று.

எமது வீட்டுத் தகரப்பெட்டியில் அட்டைச் சீட்டொன்று உள்ளது. அது மேடைச்சீட்டு. 1970களில் தன் தங்கையின் குடும்பத்தை அட்டன் நிலையத்தில் வழியனுப்பச் சென்ற எம் பாட்டி வாங்கியது. அதை ஏன் வெளிவாயிலிற் கொடுக்கவில்லை என நான் ஒருமுறை வினவினேன். "கேட்டவங்க யாருமில்ல, தம்பி. அன்னைக்கி அந்த ஐயாவும் அழுதுகிட்டிருந்தாரு" என்றார். வேல்சில் உல்லாசத்துக்கென வாங்கப்பட்ட நீண்ட மேடைச்சீட்டும் இதுவும் அளவில் வேறாயினும் வகையால் ஒன்றே. இரண்டும் பிரயாணம் செய்யாதவரின் சீட்டுகள். இரண்டும் நினைவுச்சீட்டுகள்.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால், அட்டைச் சீட்டு முதலிற் கணக்கியற் கருவியாகத் தோன்றியது என்பதும், மலைப் புகையிரதங்களின் எழுச்சியோடு அது நினைவுப் பொருளாக மாறியது என்பதும், எஞ்சிய சீட்டுகள் உல்லாசப் பிரயாணியின் வரலாற்றையே மிகுதியாகக் கூறுகின்றன என்பதும் தெளிவாகும். இக்குறையை நிரப்பும் சான்றுகளை அரச சுவடிக்கூடங்களில் மட்டும் தேடினாற் போதாது. தகரச்சீட்டு, துண்டு, கடவுச்சீட்டு, கப்பற்சீட்டு, மேடைச்சீட்டு ஆகியன லயங்களின் தகரப்பெட்டிகளிலும் சாமிப்பட்டங்களின் பின்புறத்திலும் இன்னும் இருத்தல் கூடும். அவற்றைப் பேணியோரின் தலைமுறை அருகி வருகின்றது. அட்டை உக்கும், தகரம் துருவேறும், அவை யாருடையவை எனக் கூறவல்லோரும் மறைவர். விடுமுறைக்கு மலையகம் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெட்டியை ஒருமுறை திறந்து, உள்ளவற்றின் விபரத்தையும் உரியவரின் கூற்றையும் எழுதிக்கொண்டு வருவாராயின், எமது சங்கமே ஒரு சிறு சுவடித்தொகுதியை உருவாக்கிவிடலாம். அதற்குப் பெருந்தொகைப் பணம் வேண்டியதில்லை; ஒரு கொப்பியும் கேட்கும் பொறுமையும் போதும்.